கம்ஃபர்டபிளுக்குள் டேபிள் கிடையாது: ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிரிக்க, உச்சரிக்க, வேர் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

அக்கா மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். போன லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஆங்கில ஒர்க்‌ஷீட் ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். பத்துச் சொற்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை சிலபிள், அதாவது எத்தனை ஒலித்துண்டு என்று எதிரே எழுத வேண்டும். ‘கம்ஃபர்டபிள்’ என்ற சொல்லுக்கு அவள் 3 என்று போட்டிருந்தாள். மிஸ் அதைச் சிவப்பு மையால் அடித்து 4 என்று திருத்தியிருந்தார்.

“மாமா, நான் கை தட்டிப் பாத்துதான் எழுதுனேன். மூணு தட்டுதான் வந்துச்சு. யாரு சரி?”

“ரெண்டு பேருமே சரி” என்றேன். முகத்தைச் சுளித்தாள். பெரியவர்கள் தப்பித்துக்கொள்ளச் சொல்லும் பதில் இது என்று அந்த வயதிலேயே தெரிந்திருக்கிறது. ஆனால் நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. மிஸ் எண்ணியது காகிதத்தில் இருக்கும் சொல்லை. அவள் எண்ணியது வாயில் இருக்கும் சொல்லை. பிறப்பை வைத்துப் பிரித்தால் மூன்றாவதாக ஒரு பிரிப்பும் உண்டு. மூன்று கத்தியும் ஒரே இடத்தில் விழுவதில்லை. இது தெரியாததால்தான் நம்மில் பலர் கம்ஃபர்டபிளுக்குள் ஒரு டேபிளைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

நானும் போட்டவன்தான். வேலைக்கான என் முதல் நேர்முகத்தில், உட்கார வசதியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். “வெரி கம்ஃபோர்ட் டேபிள் சார்” என்றேன். எதிரே இருந்தவர் ஒரு கணம் மேசையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வேலை கிடைக்காததற்கு வேறு காரணங்கள் இருந்தன. ஆனாலும் அந்தப் பார்வை மறக்கவில்லை.

ஆகவே இந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். வழி பிடிபட்டால் மற்ற சொற்களுக்கும் இதேதான்.

முதல் வேலை: எந்தப் பிரிப்பு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

சொல்லை எழுத்து எழுத்தாக வையுங்கள்: சி, ஓ, எம், எஃப், ஓ, ஆர், டி, ஏ, பி, எல், ஈ. பதினோரு எழுத்து.

எழுத்துப் பிரிப்பு இப்படி: சி ஓ எம் | எஃப் ஓ ஆர் டி | ஏ | பி எல் ஈ. நான்கு துண்டு.

வாய்ப் பிரிப்பு இப்படி: கம்ஃப் | ட | பிள். மூன்று துண்டு.

வேர்ப் பிரிப்பு இப்படி: காம் | ஃபோர்ட் | ஏபிள். இதுவும் மூன்றுதான், ஆனால் வேறு மூன்று.

டி என்ற எழுத்தை மட்டும் கவனியுங்கள். எழுத்திலும் வேரிலும் அது ஃபோர்ட்டின் வால். வாயில் மட்டும் அடுத்த துண்டின் தலையாகிவிடுகிறது. டேபிள் என்ற மயக்கமே இந்த ஓர் எழுத்து கட்சி மாறுவதால் வருவதுதான். கண்ணால் பார்க்கும்போதும் டி-யிலிருந்து கடைசிவரை வரிசையாக டி, ஏ, பி, எல், ஈ என்று நிற்கிறது. பழகிய சொல், கண் அதைத்தான் முதலில் பிடிக்கும்.

இரண்டாவது: வாயால் எண்ணுங்கள், தமிழ் அசையால் எண்ணாதீர்கள்

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சறுக்கல் உண்டு. சிலபிள் என்றதும் நேர், நிரை நினைவுக்கு வரும். ஆனால் யாப்பில் வரும் அசையும் சிலபிளும் ஒன்றல்ல. ‘கருவிளம்’ என்பது நிரை நிரை, அதாவது இரண்டு அசை. அதையே சிலபிளாக எண்ணினால் க, ரு, வி, ளம் என்று நான்கு வரும். யாப்பு இரண்டு குறிலை ஒன்றாகக் கட்டிவிடும். சிலபிள் ஒவ்வோர் உயிர் ஒலிக்கும் ஒரு கணக்கு வைக்கும். பள்ளியில் சிலபிளை அசை என்று மொழிபெயர்த்துச் சொல்வதில் தப்பில்லை, வாய்பாட்டை மட்டும் அதன்மேல் ஏற்றக்கூடாது.

எண்ணும் முறை எளிது. சொல்லைத் தனியாகச் சொல்லாமல் ஒரு வாக்கியத்தில் வைத்து, பேசுகிற வேகத்தில் சொல்லுங்கள். ‘ஐயாம் நாட் கம்ஃப்டபிள் ஹியர்.’ அப்புறம் அந்தச் சொல்லுக்கு மட்டும் கை தட்டுங்கள். தனியாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னால் வாய் தானாகவே எழுத்தைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்துவிடும். நான்கு ஐந்து என்று தட்டு ஏறும்.

தாடைக்கு அடியில் கையை வைத்து, எத்தனை முறை இறங்குகிறது என்று பார்க்கச் சொல்வதும் உண்டு. அது பாதி வழிதான் வரும். கடைசித் துண்டான பிள்-இல் தாடை இறங்கவே இறங்காது. ஏனென்றால் அங்கே முழு உயிர் ஒலி இல்லை. எல் ஒலியே உயிரின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. உதடு ப-வுக்கு மூடித் திறக்கும்போதே நாக்கு எல்-க்குப் போய்விடும். டேபிள், ஆப்பிள், பாட்டில் எல்லாமே கடைசியில் இந்த ரகம்தான்.

சில அகராதிகளில் கம் | ஃப | ட | பிள் என்று நான்கு துண்டாகவும் உச்சரிப்பு கொடுத்திருப்பார்கள். அதுவும் பிழையல்ல, நிதானமான பேச்சில் கேட்கலாம். ஆனால் அன்றாடம் காதில் விழுவது மூன்று துண்டுதான்.

மூன்றாவது: விழுந்த துண்டு எங்கே போனது என்று பாருங்கள்

எழுதுவது நான்கு, சொல்வது மூன்று என்றதும் ‘இந்த இங்கிலீஷ்காரனுக்கு எழுதத் தெரியாது’ என்று சிரிப்போம். நாமும் அதையேதான் செய்கிறோம். ‘வந்துவிட்டான்’ என்று எழுதுகிறோம்: வந் | து | விட் | டான், நான்கு. வாயில் வருவது ‘வந்துட்டான்’: வந் | துட் | டான், மூன்று. நடுவில் இருந்த ‘வி’யைப் பேச்சு விழுங்கிவிட்டது. எழுத்து அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது.

ஆங்கிலத்தில் எந்த உயிர் விழும் என்பதற்கு ஓரளவு ஒழுங்கு இருக்கிறது. சொல்லில் ஒரு துண்டுக்கு அழுத்தம் கிடைக்கும். அதற்கு அடுத்து இரண்டு மூன்று வலுவில்லாத துண்டுகள் வரிசையாக நின்றால், முதலில் நிற்பது நசுங்கும். பக்கத்தில் ஆர், எல், என் போன்ற ஒலி இருந்தால் இன்னும் சுலபமாக நசுங்கும். கேமரா ‘கேம்ரா’ ஆவதும், ஃபேமிலி ‘ஃபேம்லி’ ஆவதும், டிஃபரண்ட் ‘டிஃப்ரண்ட்’ ஆவதும் இதனால்தான்.

இது வெறும் சோம்பேறித்தனம் இல்லை என்பதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. எஸ் ஈ பி ஏ ஆர் ஏ டி ஈ என்ற எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ‘தனியான’ என்ற பொருளில் பெயரடையாக வந்தால் ‘செப்ரட்’, இரண்டு துண்டு. ‘பிரி’ என்ற வினையாக வந்தால் ‘செபரேட்’, மூன்று துண்டு. எழுத்து மாறவில்லை. வினையில் கடைசியில் ‘ரேட்’ என்று ஒரு முழு ஒலி வந்து தாங்குகிறது; அதனால் நடுவில் இருப்பது பிழைத்துக்கொள்கிறது. நாம் இரண்டையும் ‘செப்பரேட்’ என்றே சொல்லிவிட்டுப் போகிறோம், அது வேறு விஷயம்.

ஃபேமிலியில் செத்துப்போகிற ‘மி’, ‘ஃபமிலியர்’ என்ற சொல்லில் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அழுத்தம் அங்கே நகர்ந்துவிட்டதே காரணம். ஆக, எந்த உயிர் விழும் என்று கேட்கும் முன் அழுத்தம் எங்கே என்று கேட்க வேண்டும். கம்ஃபர்டபிளில் அழுத்தம் முதல் துண்டில். ஏபிள் என்ற விகுதி பெரும்பாலும் அழுத்தத்தைத் தன் பக்கம் இழுக்காது; கம்ஃபர்ட்டில் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும். முன்னால் ‘அன்’ சேர்த்து அன்கம்ஃபர்டபிள் என்று ஆக்கினாலும் அழுத்தம் அதே ‘கம்’மில்தான்.

நான்காவது: வாலிலிருந்து தலைக்குச் சொல்லிப் பழகுங்கள்

உச்சரிப்புக்கு நான் கண்டவரையில் இதைவிட நல்ல வழி இல்லை. முன்னாலிருந்து சொன்னால் பழைய பழக்கம் நடுவழியில் வந்து பிடித்துக்கொள்ளும். பின்னாலிருந்து கட்டுங்கள்.

பிள்.

டபிள்.

ஃப்டபிள்.

கம்ஃப்டபிள்.

‘டபிள்’ என்ற இடத்தில்தான் உயிர் இருக்கிறது. அங்கே ‘டே’ வந்தால் மேசை வந்துவிட்டது என்று அர்த்தம். எப்படித் தவிர்ப்பது? நமக்குத் தெரிந்த ஒரு சொல்லே உதவும்: கான்ஸ்டபிள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகாதவர்கூட இந்தச் சொல்லைச் சரியாகச் சொல்வார். யாரும் ‘கான்ஸ்டேபிள்’ என்று நீட்டுவதில்லை. அதே வால், அதே தாளம்: மூன்று துண்டு, முதல் துண்டில் அழுத்தம். கான்ஸ்டபிள், கம்ஃப்டபிள். கான்ஸ்டபிள், கம்ஃப்டபிள். பத்து முறை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள், மேசை தானாக வெளியே போய்விடும். அக்கா மகளிடம் இதைச் சொன்னதும் அரை மணி நேரம் வீடு முழுக்க கான்ஸ்டபிளாகவே இருந்தது.

அந்த ‘ட’வில் இருக்கும் உயிரைப் பற்றி ஒரு வார்த்தை. அது முழு அகரம்கூட இல்லை. நாம் ‘காசு’, ‘பாட்டு’ என்று சொல்லும்போது கடைசி உகரம் உதடு குவியாமல் அரைகுறையாக வந்து போகிறதே, குற்றியலுகரம், அந்த மாதிரி ஒரு சுருங்கிய ஒலி. ஆங்கிலத்தில் இதற்கு ஷ்வா என்று பெயர். எபிரேய இலக்கணத்திலிருந்து ஜெர்மன் வழியாக வந்த பெயர். அழுத்தம் கிடைக்காத எந்த எழுத்தும் இதுவாகச் சுருங்கலாம். ஏ, ஈ, ஓ எதை எழுதியிருந்தாலும் சரி. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் பங்கைக் கொடுத்துப் பழகிய வாய்க்கு இந்தக் கஞ்சத்தனம் பிடிபட நாளாகும்.

இனி முன்பாதி. ‘கம்’ என்பதில் ‘கம்பு’ என்று சொல்லும் அதே அகரம். காமும் இல்லை, கோமும் இல்லை. ஆனால் க-வோடு கொஞ்சம் மூச்சு வெளியே வர வேண்டும். உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். தமிழ்க் ‘கம்பு’வுக்கு அது அசையாமல் நிற்கும், ஆங்கிலக் ‘கம்’முக்கு லேசாக நடுங்கும். அழுத்தமான துண்டின் தொடக்கத்தில் வரும் க, ட, ப மூன்றுக்கும் ஆங்கிலத்தில் இந்த மூச்சு உண்டு.

அடுத்தது ஃப். கீழ் உதடு மேல் பல்லைத் தொட வேண்டும். ‘கம்ப்டபிள்’ என்று உதட்டை மூடிவிட்டால் சொல் கெட்டுவிடும். ஃப்-க்கும் ட-வுக்கும் நடுவில் ஓர் உகரம் எட்டிப்பார்க்கும்: ‘கம்ஃபுடபிள்’. வந்தால் மறுபடியும் நான்கு துண்டு. கிஃப்ட், லிஃப்ட் என்று தினமும் சொல்கிறோமே, அந்த ஃப்ட் அப்படியே இங்கே வேண்டும். ட-வையும் நாக்கை மடித்துச் சொல்ல வேண்டியதில்லை. மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் நுனி நாக்கு தட்டினால் போதும். இதைச் சரியாகச் செய்யாவிட்டாலும் யாருக்கும் புரியாமல் போகாது. டே என்று நீட்டுவதைத்தான் முதலில் விட வேண்டும்.

அமெரிக்கர்கள் சொல்வதில் ஒரு வேடிக்கை. பிரிட்டிஷ் பேச்சில் ஃபோர்ட்டின் ஆர் ஏற்கெனவே ஒலிப்பதில்லை. துண்டு விழும்போது அதுவும் சத்தமில்லாமல் போய்விடுகிறது. அமெரிக்கர்கள் ஆரை விடமாட்டார்கள். அது இருந்த உயிர் விழுந்ததும் ஆர் தாவி டி-க்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது: ‘கம்ஃப்டர்பிள்’. எழுத்தில் ஆர் முன்னால், டி பின்னால். அவர்கள் வாயில் டி முன்னால், ஆர் பின்னால். தமிழிலும் இந்தப் பழக்கம் உண்டு. ‘குதிரை’ சிலர் வாயில் ‘குருதை’ ஆகிறதல்லவா, அது மாதிரி. நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சேரலாம். ஒரே வாக்கியத்தில் இரண்டு கட்சியிலும் இருக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

ஐந்தாவது: எழுத்துப் பிரிப்பு

இதில் அதிக நேரம் செலவழிக்க ஒன்றுமில்லை. அகராதியில் தலைச்சொல்லுக்கு நடுவில் வரும் புள்ளிகள் வரியின் முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று அச்சுக் கோப்பவருக்குச் சொல்பவை. உச்சரிப்பு அதற்குப் பக்கத்தில் தனியாக, வேறு குறிகளில் இருக்கும். பள்ளிப் பயிற்சித்தாள்கள் பெரும்பாலும் முதலாவதைப் பார்த்து விடையைத் தயார் செய்கின்றன. குழந்தைகளைக் கை தட்டச் சொல்வதோ இரண்டாவதற்கு. சண்டை வராமல் இருக்குமா?

கைக்கு ஒத்துவரும் விதிகள் சிலதான். இரண்டு உயிர்களுக்கு நடுவில் இரண்டு மெய் வந்தால் நடுவில் வெட்டு: எம்-முக்கும் எஃப்-க்கும் நடுவில் வெட்டியது அதனால்தான். விகுதி தனியாக நிற்கும்: ஃபோர்ட் முடிந்ததும் ஏபிள். சொல் ஒரு மெய்யும் எல், ஈ-யுமாக முடிந்தால் மூன்றும் ஒரே துண்டு: ஆகவே பி எல் ஈ. அகராதிக்கு அகராதி இதிலும் வேறுபாடு உண்டு. சில ஏ-வுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து நான்கு துண்டாக்கும். சில ஏபிளை உடைக்காமல் மூன்றோடு நிறுத்தும். எழுத்திலேயே மூன்றா நான்கா என்று ஒருமித்த கருத்து கிடையாது என்பதை ஒர்க்‌ஷீட் தயாரிப்பவர்கள் கொஞ்சம் கவனிக்கலாம்.

ஆறாவது: வேரைத் தோண்டுங்கள்

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். நல்ல அகராதி ஒன்றில் சொல்லின் கடைசியில் அல்லது முதலில், அடைப்புக்குள் வந்த வழி கொடுத்திருப்பார்கள். மத்தியகால ஆங்கிலம், அதற்கு முன் ஆங்கிலோ பிரெஞ்சு, அதற்கு முன் பிற்கால லத்தீன் என்று பின்னோக்கிப் போகும். அதைக் கடைசியிலிருந்து படியுங்கள். பஸ் எந்த ஊரில் கிளம்பி எந்தெந்த ஊர் வழியாக வந்தது என்று தெரியும்.

கிளம்பிய இடம் லத்தீன். ‘ஃபோர்டிஸ்’ என்றால் வலிமையான. அதன் முன்னால் ‘கோன்’. அதற்கு ‘கூட’ என்று பொருள் உண்டு; இங்கே ‘நன்றாக, முழுக்க’ என்று அழுத்தம் கொடுக்க வந்திருக்கிறது. சேர்ந்தால் ‘கோன்ஃபோர்தாரே’: பலப்படுத்து. மெத்தை, தலையணை, ஏசி எதுவும் அங்கே இல்லை.

நான்காம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஜெரோம் செய்த லத்தீன் பைபிளில் இந்த வினை நிறைய வருகிறது. யோசுவாவுக்குக் கடவுள் தைரியம் சொல்லும் இடத்தில் இதே சொல்தான். தமிழ் பைபிளில் அந்த இடத்தில் ‘பலங்கொண்டு திடமனதாயிரு’ என்று இருக்கிறது. அதைப் படித்தால் லத்தீன் சொல்லின் எடை தெரிந்துவிடும்.

பிரெஞ்சுக்கு வந்ததும் அது ‘கோன்ஃபோர்தெர்’ ஆனது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் அவர்களுடைய பிரெஞ்சு அரசவையிலும் நீதிமன்றத்திலும் உட்கார்ந்தது. இந்தச் சொல் 13-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தது. வந்த இடத்தில் என் என்ற எழுத்து எஃப்-க்கு முன்னால் எம் ஆனது. பிரெஞ்சில் இன்றும் என்தான். வேடிக்கை என்னவென்றால், உடல்சுகம் என்ற இன்றைய பொருளைப் பிரெஞ்சுக்காரர்கள் பிற்பாடு ஆங்கிலத்திடமிருந்து திரும்பக் கடன் வாங்கிக்கொண்டார்கள். கொடுத்தவன் வீட்டுக்கே போய் வட்டியோடு திரும்பிய சொல்.

பொருள் எப்படி மாறியது? பலப்படுத்து என்பதிலிருந்து மனதைப் பலப்படுத்து, ஆறுதல் சொல் என்றாகி, அதிலிருந்து உடலுக்குச் சுகமான என்று இறங்கியது. கம்ஃபர்டபிள் என்ற வடிவம் 14-ஆம் நூற்றாண்டில் தென்படும்போது ‘ஆறுதல் தருகிற’ என்றுதான் பொருள். ‘வசதியான’, ‘வசதியாக இருக்கிற’ என்ற பொருள்கள் 18-ஆம் நூற்றாண்டில் ஊன்றிக்கொண்டவை.

பலமும் ஆறுதலும் எப்படி ஒரே சொல்லில் இருக்கும் என்று யோசித்தால் தமிழே பதில் சொல்லும். ‘காய்ச்சல் விட்டு உடம்பு தேறிட்டான்’ என்கிறோம், பலம். ‘மனச தேத்திக்க’ என்கிறோம், ஆறுதல். தேறு, தேற்று இரண்டும் ஒரே குடும்பம். யோவான் நற்செய்தியில் ஆங்கில பைபிள் ‘கம்ஃபர்டர்’ என்று சொல்லும் இடத்தில் தமிழ் பைபிள் ‘தேற்றரவாளன்’ என்று போட்டிருக்கிறது. கம்ஃபர்ட்டின் பழைய பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தோன்றவில்லை.

பழைய பொருள் சட்டத்தில் மட்டும் உறைந்து நிற்கிறது. 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பகைவருக்கு ‘எய்டும் கம்ஃபர்ட்டும்’ கொடுப்பது தேசத் துரோகம் என்கிறது. எதிரிக்கு சோஃபா போட்டு உட்கார வைப்பதைச் சொல்லவில்லை. அவன் கையைப் பலப்படுத்துவதைச் சொல்கிறது. 1351-ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்த வாசகம் அது.

இப்போது ஓர் உச்சரிப்புப் புதிருக்கும் வேரில் விடை இருக்கிறது. எழுதுவது ஓ, சொல்வது ‘கம்’. ஏன்? நார்மன் பிரெஞ்சில் இங்கே உகர ஒலி இருந்தது. மத்தியகாலக் கையெழுத்தில் யு, என், எம், வி எல்லாமே குட்டிக் குட்டி நேர்க்கோடுகள். யு-வும் எம்-மும் பக்கத்தில் வந்தால் வெறும் வேலிதான் தெரியும். அதனால் எழுத்தர்கள் அப்படிப்பட்ட இடங்களில் யு-வுக்குப் பதில் ஓ போட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். லவ், சன் (மகன்), மங்க் (துறவி) எல்லாம் ஓ போட்டு அகரமாகச் சொல்லப்படுவது இந்த வகையில்தான். கம்பெனியும் இதே கூட்டம். பழைய தமிழில் அதைக் ‘கும்பினி’ என்று எழுதினார்கள். ஓ என்ற எழுத்தை நம்பாமல் காதை நம்பியிருக்கிறார்கள்.

வேர் தேடும்போது சொந்தக்காரர்களையும் பாருங்கள், போலிகளையும் விலக்குங்கள். கோட்டை என்ற பொருளில் வரும் ஃபோர்ட், ஃபோர்ஸ், எஃபர்ட் எல்லாம் ஃபோர்டிஸின் பிள்ளைகள். சென்னையில் ஃபோர்ட் ஸ்டேஷனில் இறங்கும்போது கம்ஃபர்ட்டின் பங்காளி வீட்டில் இறங்குகிறீர்கள். ஆனால் ஃபார்டி நான்கிலிருந்து வந்தது, ஃபார்ட்நைட் பதினான்கு இரவு, ஃபார்ச்சூன் ‘தற்செயல்’ என்ற வேறு லத்தீன் சொல்லின் வழி. எழுத்து ஒன்றுபோல் இருப்பதால் உறவு ஆகிவிடாது. இன்னொரு போலி நம் கண்முன்னாலேயே இருக்கிறது: ஏபிள் என்ற விகுதிக்கும் ‘முடிகிற’ என்ற பொருளுள்ள ஏபிள் என்ற தனிச்சொல்லுக்கும் பிறப்பில் தொடர்பு கிடையாது. விகுதி லத்தீன் ‘ஆபிலிஸ்’. தனிச்சொல் ‘ஹாபிலிஸ்’, கைக்கு அடங்கியது என்று பொருள். பேசுபவர்கள்தான் இரண்டையும் அண்ணன் தம்பி ஆக்கிவிட்டார்கள்.

நமக்கு உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்த கான்ஸ்டபிளையும் விட வேண்டாம். அது ‘கோமெஸ் ஸ்தாபுலி’, குதிரை லாயத்து அதிகாரி. அதற்குள் இருப்பது லாயம்.

ஏழாவது: நீங்களே ஒன்று செய்யுங்கள்

ஒர்க்‌ஷீட்டில் ஏழாவது சொல் வெஜிடபிள். அதை அவளும் நானும் சேர்ந்து போட்டோம். எழுத்து: வி ஈ ஜி | ஈ | டி ஏ | பி எல் ஈ, நான்கு. இங்கே டி-யும் ஏ-வும் ஒரே துண்டில் சேர்ந்துவிடுவதால் மேசை இன்னும் பளிச்சென்று தெரியும், ஏமாறாதீர்கள். வாய்: வெஜ் | ட | பிள், மூன்று. கான்ஸ்டபிள் தாளமேதான். வேர்: லத்தீனில் ‘வெகெதாரே’ என்றால் உயிரூட்டு, துடிப்பூட்டு. வளரும் உயிருள்ளது என்ற பொருளில் ஆங்கிலத்துக்கு வந்து, பிறகு செடிகொடி ஆகி, 18-ஆம் நூற்றாண்டில் சமையல்கட்டுக்குள் வந்தது. விகர் (துடிப்பு, வேகம்) என்ற சொல்லும் இதன் தூரத்து உறவு. துடிப்பு என்ற வேரிலிருந்து பிறந்த ‘வெஜிடேட்’ என்ற வினைக்கு இன்று வேலை வெட்டி இல்லாமல் கிடப்பது என்று பொருளாகிவிட்டது. அதில் மட்டும் ‘டேட்’ என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும், நடுவில் இருக்கும் ‘ஜி’யும் விழாது. செபரேட்டை நினைவில் வைத்திருந்தால் ஏன் என்று சொல்லிவிடலாம்.

“அப்ப நெஜ டேபிள் எங்கேருந்து வந்துச்சு மாமா?”

லத்தீனில் ‘தாபுலா’, பலகை. இதைக் கேட்டதும் பென்சிலை எடுத்தாள். சிவப்பு மைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘பேப்பர்ல 4, வாய்ல 3’ என்று எழுதி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மிஸ் என்ன சொன்னார் என்று கேட்க வேண்டும்; இன்னும் ஃபோன் வரவில்லை.